எண் எழுதாத மூன்று கயிறுகள்

இன்வர்னெஸ்
12 மே 1983

அன்புள்ள அப்பா,

நேற்று அம்மா தொலைபேசியில் பேசினாள். தபால் ஆபீஸ் வாசல் கூண்டிலிருந்து பேசியதாலும், பின்னால் இரண்டு பேர் காத்திருந்ததாலும், பாதிதான் சொன்னாள். ஆகஸ்ட் விளையாட்டு விழாவில் சம்மட்டி எறிதலுக்கும் கம்பம் எறிதலுக்கும் நீங்கள் நடுவராக இருக்க வேண்டும் என்று கமிட்டியிலிருந்து கடிதம் வந்ததாம். நீங்கள் அதை வந்த உறையிலேயே திரும்பப் போட்டு, கமிட்டிச் செயலாளர் திருமதி கெம்ப் வீட்டுக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வந்தீர்களாம். "ஏன்னு கேட்டா விறகு பிளக்கப் போயிடுறாரு" என்றாள். மே மாதத்தில் எதற்கு இவ்வளவு விறகு?

பன்னிரண்டு வருடம் அந்த மைதானத்தில் சம்மட்டி எறிந்தவர் நீங்கள். ஏழு வருடமாக அந்தப் பக்கமே போவதில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவந்தீர்கள். நடுவருக்கு முழங்கால் முக்கியமில்லை. முழங்கால் வரை சுற்றிக் கட்டும் அந்தக் கட்டம் போட்ட கில்ட்தான் முக்கியம். கால்சட்டை போட்ட எவரையும் மைதானக் கயிற்றுக்கு உள்ளே விடமாட்டார்கள் என்பது நம் ஊர் விதி. காரணம் அதுதானோ என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அது என்றால், நான் தைத்துத் தருகிறேன். கில்ட் தைக்கும் இந்தக் கடையில் சேர்ந்து ஒரு வருடமாகிறது. இப்போது தலைமைத் தையல்காரர் மிஸ் ரட்டர் என் தையலைப் பிரிக்கச் சொல்வதில்லை. மூன்று அளவு போதும். தொப்புள் இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. பின்பக்கம் அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை உயரம். தயவுசெய்து கால்சட்டை அளவை எழுதாதீர்கள். கடைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். கால்சட்டை தொப்பைக்குக் கீழே நிற்கும், கில்ட் தொப்புளில் நிற்கும். போன வாரம் ஒரு வங்கி மேலாளர் சொன்ன எண்ணுக்கும் என் டேப் சொன்ன எண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் வித்தியாசம். "உங்க டேப் சுருங்கிடுச்சும்மா" என்றார்.

அன்புடன்,
எஃபி

---

கிளென்கேரன்
19 மே

எஃபி,

கடிதத்தை ஃபின்லே கொண்டுவந்தான். "பொண்ணு கடுதாசி கனமா இருக்கே மேஸ்திரி, என்ன விசேஷம்?" என்றான். "உன் குச்சிக் காலப் பத்தித்தான் எழுதியிருக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனான். தபால்காரனுக்கு எல்லார் வீட்டு விஷயமும் வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில்: வேண்டாம்.

மரம் வெட்டும் வேலை இந்த வருடம் ஆகஸ்ட் வரை இழுக்கும். முழங்காலும் சரியில்லை. நடுவர் வேலைக்கு இளவட்டமாக யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். கில்ட் ஃபின்லே மாதிரி ஆளுக்குப் பொருந்தும். மலையோட்டத்தில் ஓடும்போது கொசுவம் இரண்டு பக்கமும் ஆடும், பார்க்க நன்றாக இருக்கும். பீப்பாய்க்குப் பாவாடை கட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் ஆட்களில் ரோரி என்று ஒருத்தன் இருக்கிறான். நேற்று டீ குடிக்கும்போது கேட்டான்.

"மேஸ்திரி, உங்க பொண்ணு காலேஜுல என்ன படிச்சுது?"

"சரித்திரம்."

"இப்ப என்ன பண்ணுது?"

"ஆம்பளைங்களச் சுத்தி டேப் புடிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குறையாகச் சொல்லவில்லை, எஃபி. உனக்குப் பிடித்திருந்தால் சரி. ஆனால் என்னைச் சுற்றிப் பிடிக்க வேண்டாம்.

உன் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

அப்பா

---

இன்வர்னெஸ்
27 மே

அன்புள்ள அப்பா,

பீப்பாய் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். நேரில் என்றால் எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். கடிதத்தில் கொஞ்சம் வரும்.

ஒல்லியானவர்களுக்குத்தான் கில்ட் கஷ்டம், அப்பா. இது கடைக்கு வருவதற்கு முன் எனக்கும் தெரியாது. பிடித்துக்கொள்ள இடுப்பே இல்லாததால் வழுக்கி வழுக்கி இறங்கும். ஃபின்லே மாதிரி ஒருவர் வந்தால் மிஸ் ரட்டர் பெருமூச்சு விடுவார். கனத்த துணியாக எடுத்து, கொசுவத்தை ஆழமாக மடித்து, இல்லாத பின்பக்கத்தை நாங்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும். குட்டையானவருக்கு வேறு வழி. ஓரத்தை ஒரு விரல் மேலே தூக்கி, காலுறையை ஒரு விரல் கீழே இறக்கி, முழங்காலை நன்றாகத் தெரிய விடுவோம். முழங்கால் மறைந்தால் அக்கா பாவாடையைக் கட்டிக்கொண்ட பையன் மாதிரி ஆகிவிடுவார். ரொம்ப உயரமானவருக்குச் சின்னக் கட்டம் போட்ட துணி ஆகாது, எண்ணிக்கொண்டே போகலாம் போல இருக்கும்.

பெரிய உடம்புக்காரர் வந்தால் நான் மனதுக்குள் சந்தோஷப்படுவேன். தொப்புளில் ஏற்றி நிறுத்தினால் முன்பக்கம் வயிற்றின் மேலிருந்து திரைச்சீலை போல நேராக இறங்கும். வயிறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. பின்னால் அத்தனை கொசுவமும் நடைக்கு நடை அசையும். முன்னால் தொங்கும் தோல் பையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் ஒரு கசாப்புக் கடைக்காரர் வந்தார். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்று தன்னையே கேட்டார். பிறகு பக்கவாட்டில் திரும்பி இன்னொரு முறை பார்த்தார். அவர் மனைவி அழுதுவிட்டாள்.

பொருந்தாது என்பது காரணமில்லை, அப்பா. வேறு ஏதாவது இருக்கிறதா?

எஃபி

---

கிளென்கேரன்
3 ஜூன்

எஃபி,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன்.

நான் கட்டிக்கொண்டிருந்த கில்ட் இருபத்து மூன்று வயதில் தைத்தது. அப்போது பட்டணத்துத் தையல் கடைக்குப் போனேன். அங்கே வழக்கம் என்னவென்றால், ஒருத்தர் டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வார், அந்தக் கோடியில் ஒருத்தர் உட்கார்ந்து எழுதுவார். இளம் வயது, எல்லா எண்ணும் பெருமையாக இருந்தது. பிறகு உடம்பு வளர்ந்தது. திரும்பப் போய், ஊரே கேட்க எண்ணைக் கத்தவிட எனக்கு மனம் வரவில்லை. வாரை மாற்றித் தைத்தேன். பக்கிள் எங்கே எட்டியதோ அங்கே மாட்டினேன். வயிற்றுக்குக் கீழேதான் எட்டியது. அப்படியே பல வருடம்.

1976 விழாவில் மூன்றாவது எறி. சுழலும்போதே கீழே இறங்குவது தெரிந்தது. முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே துணி துவைப்பவள் பாவாடை மாதிரி தொங்கியது. பின்பக்கம் தொடை வரை தூக்கிக்கொண்டது. கையில் சம்மட்டி, விட முடியாது. கூட்டம் சிரித்தது. சிரிக்கும்தான். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருந்தாய். பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் உன்னோடு. கையால் வாயைப் பொத்தியிருந்தாய். தோள் குலுங்கியது.

கோபம் இல்லை. அன்றும் இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா

---

இன்வர்னெஸ்
8 ஜூன்

அப்பா,

சிரித்தேன்.

நீங்கள் பார்க்கவில்லை என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பவும் இல்லை. அதனால்தான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்தப் பெண்களில் ஒருத்தி, "அது உங்கப்பாதானே?" என்று கேட்டாள். நான் "ஆமாம்" என்று சொல்வதற்குப் பதில் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து சிரித்தால் நான் உங்கள் பெண் இல்லை, கூட்டத்தில் ஒருத்தி என்று ஆகிவிடும் போலிருந்தது. பிறகு டீக் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் இரண்டாவது பரிசு வாங்கினீர்கள். நான் வந்து ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்கள். அதையும் சாப்பிட்டேன்.

சின்னப் பெண் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. மன்னித்துவிடுங்கள், அப்பா.

எங்கள் கடையிலும் அதே வழக்கம்தான். அளப்பவர் கத்துவார், இன்னொருவர் எழுதுவார். எனக்குக் கத்த வராது. சீட்டில் எழுதி, மடித்து, கொண்டுபோய்க் கொடுப்பேன். "உன் வாயில என்ன, பொத்தான் வச்சிருக்கியா?" என்று மிஸ் ரட்டர் திட்டுவார். என் கூச்சத்தால் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரே நிற்பவருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும் என்று உங்கள் கடிதம் படித்த பிறகுதான் புரிந்தது.

அளவு இனி வேண்டாம். நீங்கள் நடுவராக இருக்கவும் வேண்டாம். நான் ஆகஸ்டில் வருகிறேன். விழாவுக்குப் போகாமல் இரண்டு பேரும் ஆற்றில் மீன் பிடிக்கப் போகலாம்.

எஃபி

---

கிளென்கேரன்
14 ஜூன்

எஃபி,

உறைக்குள் மூன்று சணல் கயிறு இருக்கும். ஒரு முடிச்சுப் போட்டது தொப்புள். இரண்டு முடிச்சு பின்பக்கம். மூன்று முடிச்சு உயரம். எண் எழுதவில்லை. நீயும் டேப்பில் வைக்காதே. துணியின் மேல் கயிற்றையே வைத்து வெட்டு. கடையில் யாருக்கும் தெரிய வேண்டாம், உனக்கும் தெரிய வேண்டாம்.

உன் அம்மாதான் பிடித்தாள். கயிற்றின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு என்னைச் சுற்றி வந்தாள்.

"சுத்தி வர்ற வழியில டீக்கடை எதாச்சும் இருக்கா?" என்றாள்.

"வாய மூடிட்டு அளடி."

"ஆடாம நில்லுங்க. பேச்சுக் குடுக்காதீங்க, வயிறு குலுங்குது."

எதற்கு என்று கேட்டாள். எஃபி கேட்டாள் என்றேன்.

மீன் பிடிக்கப் பிறகு போகலாம்.

அப்பா

---

இன்வர்னெஸ்
18 ஜூன்

அன்புள்ள அப்பா,

கயிறுகள் வந்தன. மேசைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பை எடுக்கவில்லை, சத்தியமாக.

ஆனால் ஒரு முடிச்சையும் இரண்டு முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கு நீங்கள் தடை சொல்லவில்லையே. தொப்புள் கயிறு, பின்பக்கக் கயிற்றைவிட என் கை அகலம் குறைவாக இருக்கிறது. அப்பா, எனக்கு உங்களை இருபத்து மூன்று வருடமாகத் தெரியும். அம்மா சுற்றி வந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தீர்களா?

எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். டேப் பக்கத்தில் வந்ததும் இராணுவத்துக்கு ஆள் எடுக்க வந்தது போல நிமிர்ந்துகொள்வார்கள். நான் பேச்சு கொடுப்பேன். பேசினால் மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அப்போது பிடித்துவிடுவேன். நடுவர் நாள் முழுவதும் கத்த வேண்டியவர். மூச்சை இழுத்துக்கொண்டே கத்த முடியாது.

மூன்றாவது கயிறும் குட்டையாக இருக்கிறது. சரியாக அளக்கிறாளா என்று குனிந்து பார்த்திருப்பீர்கள். குனிந்தால் உயரம் குறையும். எதிர்ச் சுவரில் அந்தக் கப்பல் படம் இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும். நான் கட்டாயப்படுத்தவில்லை.

எஃபி

---

கிளென்கேரன்
23 ஜூன்

எஃபி,

புதுக் கயிறு இரண்டு வைத்திருக்கிறேன். கப்பல் படத்தைப் பார்த்தேன். இந்த முறை உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டு நின்றேன். உன் அம்மா, "மாடு மேய்க்கப் போனவங்க இன்னும் திரும்பலயான்னு ஒரு பாட்டு பாடுங்க" என்றாள். பாடினேன். பாதியில் பிடித்துவிட்டாள். உன் யோசனையா அது?

திருமதி கெம்ப் வீட்டுக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன். "அந்தக் கடிதம் தப்பா எங்க வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சு, இந்தாங்க" என்று அதையே மறுபடி கையில் கொடுத்தாள். எமகாதகி.

ஒரு நிபந்தனை. நீ கயிற்றுக்கு வெளியே நிற்கக் கூடாது. எறிந்த தூரத்தை அளக்கும்போது டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். அது நீதான். சம்மட்டி விழுந்த இடத்தில் முளையை ஊன்றி நிற்க வேண்டும். நான் கோட்டிலிருந்து தூரத்தைப் படிப்பேன், நீ அதைத் திருப்பிக் கத்த வேண்டும், உன் பக்கக் கோடியில் உட்கார்ந்து எழுதுபவனுக்குக் கேட்கிற மாதிரி. ஊரே பார்க்கும். உனக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. கில்ட்டை எப்படியும் கட்டிக்கொள்வேன்.

அப்பா

---

இன்வர்னெஸ்
20 ஜூலை

அன்புள்ள அப்பா,

கில்ட்டை இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் தையல் ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்கள் நிபந்தனை.

எட்டு கஜம் துணி. கனமானதாகவே எடுத்தேன். கொசுவம் ஒவ்வொன்றிலும் துணியின் கட்டத்தில் ஓடும் மஞ்சள் கோடு நடுவில் வரும்படி மடித்திருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் மேலிருந்து கீழே மெல்லிய கோடு கோடாக ஓடும். அகலமான முதுகுக்கு அதுதான் அழகு. இப்படி மடிக்க மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மிஸ் ரட்டர் அளவுச் சீட்டு எங்கே என்று கேட்டார். கயிறுகளைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "எங்கப்பாவும் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

மேல் பக்கிளைத் தொப்புளுக்கு நேராக மாட்டுங்கள். கீழே இறக்கத் தோன்றும், இறக்காதீர்கள். முதல் நாள் நெஞ்சுவரை ஏறிவிட்ட மாதிரி இருக்கும். மாட்டியபின் தரையில் முழங்காலிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஓரம் சுற்றிலும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அம்மா பார்க்கட்டும். நீங்கள் குனிந்து பார்க்க வேண்டாம்.

டேப்பைப் பிடிக்கிறேன். கத்தவும் முயற்சி செய்கிறேன். விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வருவேன்.

எஃபி

---

கிளென்கேரன்
9 ஆகஸ்ட்

எஃபி,

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சொல்ல நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. உண்மையில் பஸ் இருபது நிமிடம் தாமதம். அந்த இருபது நிமிடமும் நாம் மழையைப் பற்றிப் பேசினோம்.

நீ பார்க்காத சிலதை முதலில் சொல்கிறேன். வாசல் பக்கம் ஃபின்லே நின்றிருந்தான். மேலும் கீழும் பார்த்தான். "யோவ் மேஸ்திரி, சும்மா நின்னாலே கம்பம் நட்ட மாதிரி இருக்கீரு" என்றான். அவன் வாயிலிருந்து வந்தது என்பதால் நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். திரும்பி ஒரு சுற்றுக் காட்டினேன். அவன் கில்ட் நீ எழுதியபடியே நழுவிக்கொண்டிருந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மலையேறினான். மூன்றாவதாக வந்தான். கனத்த துணியில் தைத்துத் தருவாயா என்று கேட்கச் சொன்னான்.

மதியம் கமிட்டிக்கு விருந்தாளியாக வந்த ஒரு பெரிய மனுஷனைப் பார்த்திருப்பாய், என் அளவு உடம்பு. பக்கிளை வயிற்றுக்குக் கீழே மாட்டி, முன்பக்கம் இழுபட, மேடையேறிப் பேசப் போகிறவர். டீக் கூடாரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். "ஐயா, மூச்ச விடுங்க" என்றேன். பயந்துபோய் விட்டுவிட்டார். ஏற்றி மாட்டிவிட்டேன். கையைக் குலுக்கிவிட்டு மேடைக்குப் போனார்.

இப்போது சொல்ல நினைத்தது.

முதல் இரண்டு எறிக்கு நீ தூரத்தைக் கத்தியது எழுதுபவனுக்குக் கேட்கவே இல்லை. மூன்றாவதில் கேட்டது. நான்காவதில் ஆற்றங்கரை வரை கேட்டது, ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அபர்டீனிலிருந்து வந்த அந்தத் தடியன் எறிந்தான், அன்றைய எறிகளில் அதுதான் நீளம். நீ அந்தக் கோடியில் முளையை ஊன்றி நின்றாய், நான் கோட்டில் குனிந்து டேப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மலையிலிருந்து அந்தக் காற்று இறங்கியது. கொடிகள் எல்லாம் படபடவென்று அடித்தன. திருமதி கெம்ப்பின் தொப்பி பறந்தது.

டேப் கையில் தளர்ந்தது. நிமிர்ந்தேன். நீ முளையைக் கையில் பிடுங்கிக்கொண்டு, டேப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவில் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாய். கூட்டம் முழுக்க வாயைப் பிளந்து பார்த்தது. நீ யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டாய், கூட்டத்துக்கும் எனக்கும் நடுவில், கையை இரண்டு பக்கமும் விரித்து.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க படிங்க."

"எதப் படிக்கிறது? மொளையப் புடுங்கிட்டு வந்துட்டியே!"

அந்தத் தடியன் வந்து முறைத்தான். சம்மட்டி விழுந்த குழியைத் தேடி மறுபடி அளக்க வேண்டியிருந்தது. எழுதுபவன் பென்சிலைக் கடித்தான். நீ கழுத்து வரை சிவந்திருந்தாய், ஆனால் நகரவில்லை.

எஃபி, நான் குனிந்திருந்தும் அந்தக் காற்றில் நீ தைத்த துணி இம்மிகூடத் தூக்கிக்கொள்ளவில்லை. எட்டு கஜமும் கல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நீ அங்கேயே நிற்கட்டும் என்று இருந்தது.

அப்பா